முதல் சம்பளத்துக்கு முந்தைய 40 நாள்

கேள்வி: சார், மதுரையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான்காம் செமஸ்டர் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஊர் உசிலம்பட்டிப் பக்கம், தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன், பாஸ் இருக்கிறது. அப்பா லோடுமேன். அம்மா குழுக் கடன் வாங்கி வாரா வாரம் கட்டுகிறார். தமிழ்ப் புதல்வன் பணம் மாதம் 1,000 வருகிறது. முகூர்த்த நாட்களில் கேட்டரிங்கில் பந்தி பரிமாறப் போவேன், ஒரு முகூர்த்தத்துக்கு 600 ரூபாய். இப்படிச் சேர்த்து 11,500 ரூபாய் வைத்திருக்கிறேன். நண்பன் ஆப்ஷன்ஸ் டிரேடிங்கில் போடு, ஒரே வருடத்தில் லட்சமாகும் என்கிறான். ஒரு இன்ஸ்டிடியூட்டில் அக்கவுண்ட்ஸ் கோர்ஸ் 35,000, நூறு சதவீதம் வேலை, இப்போது 10,000 கட்டினால் போதும் என்கிறார்கள். அம்மா தவணைக்குத் தவிக்கும்போது இந்தப் பணத்தை நான் வைத்திருப்பது தப்போ என்றும் தோன்றுகிறது. நான் என்ன செய்வது? அப்புறம், பயோடேட்டாவில் பந்தி பரிமாறியதை எழுதலாமா, கேவலமாக நினைப்பார்களா? பெயர் வேண்டாம் சார்.

பதில்:

தம்பி, பந்தி பரிமாறிய காசில் 11,500 ரூபாய் நிற்கிறது என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, உங்கள் வயதில் என்னிடம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருந்ததில்லை. மறுபடி படித்தபோதுதான் ஒன்று உறுத்தியது. பணத்தை எங்கே போடலாம், யாரிடம் கொடுக்கலாம் என்றெல்லாம் கேட்கிறீர்கள், அது எதற்கான பணம் என்று மட்டும் எழுதவில்லை. எதற்கென்று தெரியாத பணம் கையில் இருந்தால் ஆளாளுக்கு ஒரு வழி சொல்லத்தான் செய்வார்கள். அதனால் முதலில் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவோம். என் கணக்கில் அதன் பெயர் நாற்பது நாள் பணம்.

ஏன் அந்தப் பெயர் என்பதற்கு என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2005-ல் நானும் இதே மதுரையில் பி.காம். முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்துப் போனேன். கையில் அப்பா கொடுத்த 2,000 ரூபாய். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன், ஒரு அறையில் மூன்று பேர், அட்வான்ஸ் கொடுத்ததுமே பாதிக்கு மேல் காலி. நான் சேர்ந்தது 23-ம் தேதி. அந்த மாதச் சம்பளக் கணக்கை 20-ம் தேதியோடு முடித்திருந்தார்கள், ஆகவே என் முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் என்பது போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்தது. யாரும் ஏமாற்றவில்லை, பல இடங்களில் நடைமுறையே அதுதான். முதல் வாரம் மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. இரண்டாம் வாரம் மதியம் மட்டும் மெஸ், ராத்திரிக்கு டீயும் பன்னும். அறையில் இருந்த அண்ணன் ஒருவரிடம் 300 கைமாற்று, ஊரிலிருந்து மணியார்டரில் 500. அம்மா தோட்டை அடகு வைத்து அனுப்பிய 500 அது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். 26-வது நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறிவிட்டேன். நல்ல வேலை அது, மேலே இருந்தவரும் தங்கமான மனுஷன். இன்னும் 12 நாள் தாக்குப்பிடித்திருந்தால் சம்பளம் கைக்கு வந்திருக்கும். ஊரில் கேட்டவர்களிடம் சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்தேன். மறுபடி அதே மாதிரி ஒரு வேலைக்குள் நுழைய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இப்போது நானே ஒரு கணக்கு, ஜிஎஸ்டி அலுவலகம் நடத்துகிறேன், வருடத்துக்கு மூன்று நான்கு பி.காம். பிள்ளைகள் என்னிடம் வந்து பழகிப் போகிறார்கள். சென்னை, ஓசூர், பெங்களூரு என்று வேலைக்குப் போனவர்களில் யாராவது ஒருவர் ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்து நிற்பது இன்றைக்கும் நடக்கிறது. கேட்டால் "வேலை செட் ஆகலை சார்" என்பார்கள். கொஞ்சம் கிளறினால் காசுதான்.

ஜூலை 22-ம் தேதி சேர்கிறீர்கள் என்று வையுங்கள். சம்பளக் கணக்கு 20-ம் தேதியோ 25-ம் தேதியோ முடியும், புதிதாகச் சேர்ந்தவருக்கு வங்கிக் கணக்கு, பிஎஃப் எண் எல்லாம் ஆக வேண்டும், அதனால் அந்தப் பத்து நாள் சம்பளத்தையும் சேர்த்து ஆகஸ்ட் 31-ல்தான் போடுவார்கள். நாற்பது நாள். சாப்பாட்டோடு தங்குமிடம் ஆளோடு ஆள் பகிர்ந்துகொண்டால் மாதம் 7,000 என்று கணக்குப் போடுகிறேன் (ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இது மாறும், நீங்கள் போகும் இடத்தில் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள்). அட்வான்ஸ் ஒரு மாதம் 7,000, நாற்பது நாளைக்கு 9,300, அங்கே பஸ்ஸுக்கும் போனுக்கும் 3,000, இரண்டு நல்ல சட்டை, ஒரு ஷூ, சான்றிதழ் நகல் அது இது என்று 4,000. அதற்கு முன்னால் நேர்முகத் தேர்வுக்கு மூன்று நான்கு முறை வெளியூர் போய் வர 3,500. கூட்டினால் 26,800 வருகிறது. காய்ச்சல் தலைவலிக்கு மீதி வைத்து 30,000 என்று வட்டமாக்கிக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் இலக்கு. ஒரு லட்சம் எல்லாம் வேண்டாம். இந்த 30,000 இருந்தால், கிடைத்த முதல் வேலையைப் பயந்துபோய்ப் பிடிக்காமல் ஒரு மாதம் தள்ளி வரும் நல்ல வேலைக்குக் காத்திருக்கவும் முடியும்.

இதைச் சேர்ப்பது மலையைப் புரட்டும் வேலை இல்லை. இறுதியாண்டு முடிய இன்னும் 16 மாதம் இருக்கிறது. 11,500 போக வேண்டியது 18,500. தமிழ்ப் புதல்வன் ஆயிரத்தில் மாதம் 600 எடுத்து வைத்தால் 9,600 ஆச்சு. மிச்சம் 8,900, அதாவது 15 முகூர்த்தம். பதினைந்து முகூர்த்தக் கூலியைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டால் கதை முடிந்தது, மற்ற முகூர்த்தங்களில் வருவது உங்கள் காசு, சினிமாவுக்குப் போங்கள், பரோட்டா சாப்பிடுங்கள், நான் கேட்க மாட்டேன். ஒன்று மட்டும் கவனம்: அந்தப் பதினைந்தையும் தை, மாசியிலும் வைகாசி, ஆவணியிலும் முடித்துவிடப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும், புரட்டாசியும் சுமார்தான் என்று உங்களுக்கே தெரியும். மாதா மாதம் இவ்வளவு என்று பட்ஜெட் போடுவதெல்லாம் மாதச் சம்பளக்காரனுக்கு. சீசன் வேலை செய்கிறவன் சீசனில்தான் பிடிக்க வேண்டும். செமஸ்டர் தேர்வு வரும் மாதங்களில் ஒரு முகூர்த்தமும் வேண்டாம். ஒரு அரியர் விழுந்தால் அதற்குக் கட்டும் பணத்தைவிட அது பயோடேட்டாவில் கேட்டு வாங்கும் விளக்கம் பெரிது.

எங்கே வைப்பது? உதவித்தொகை வருகிற கணக்கிலேயே வைக்காதீர்கள், அதில்தான் ஜிபே இருக்கும், டீக்கடையில் ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தனியாக ஒரு கணக்கு வேண்டும். உங்கள் வங்கிக் கணக்கு குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இருந்தால் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு தர மாட்டார்கள், விதி அப்படி. ஊரில் இருக்கும் தபால் ஆபீசில் 500 ரூபாயில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், வட்டி 4 சதவீதம். ஏடிஎம் கார்டு கேட்காதீர்கள். எடுக்க வேண்டுமானால் பாஸ்புக்கோடு போய்ப் படிவம் எழுதிக் கொடுத்து நிற்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கின் அருமையே. தபால் ஆபீசில் மாதா மாதம் கட்டிச் சேர்க்கும் ஆர்டி நல்லதுதான், ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டாம். அது ஐந்து வருடம், மூன்று வருடத்துக்கு முன்னால் முடிக்க விட மாட்டார்கள், உங்களுக்கோ 16 மாதத்தில் பணம் வேண்டும். வங்கியில் ஒரு வருட ஆர்டி போடலாமே, வட்டி கூட வருமே என்பீர்கள். போடலாம். ஆனால் இந்தத் தொகைக்கு அந்த வித்தியாசம் மொத்தமே ஒன்றிரண்டு முகூர்த்தக் கூலிதான், அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கு என்றதும் இன்னொன்று. கல்லூரிப் பசங்களிடம் "உன் அக்கவுண்ட்டைக் கொடு, பணம் வந்து போகும், உனக்கு 5,000 கமிஷன்" என்று கேட்கிற கும்பல் இருக்கிறது. இணைய மோசடிப் பணத்தைக் கை மாற்றத்தான் அந்தக் கணக்குகள். புகார் வந்தால் போலீஸ் முதலில் முடக்குவது உங்கள் கணக்கைத்தான், வழக்கும் கணக்குக்குச் சொந்தக்காரன் பெயரில்தான் வரும். நண்பனின் நண்பன் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இனி ஆப்ஷன்ஸ், அதாவது பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற வியாபாரம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருடத்தில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல், அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய். உங்கள் நண்பன் மிச்சமுள்ள ஏழு பேரில் ஒருவனாகவே இருக்கட்டும், அவன் லாபம் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்திருப்பீர்கள், நஷ்டம் வந்த நாளின் ஸ்கிரீன்ஷாட்டை எப்போதாவது அனுப்பியிருக்கிறானா? பங்குச் சந்தையே தப்பு என்று சொல்லவில்லை. சம்பளம் வர ஆரம்பித்து, இரண்டு மூன்று மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிய பிறகு, நிதானமாக மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 500 ரூபாய் போட்டுப் பழகுங்கள். நாற்பது நாள் பணத்தோடு விளையாட்டு வேண்டாம்.

அம்மா விஷயம். இதற்குத்தான் எனக்குப் பதில் சட்டென்று வரவில்லை. 11,500-ஐத் தூக்கிக் கொடுத்தால் சில வாரத் தவணை ஓடும், அதற்கு அடுத்த வாரம் பழைய இடத்திலேயே நிற்பீர்கள், கூடவே உங்கள் கையும் காலியாக இருக்கும். ஆனால் அம்மாவுக்குத் தெரியாமல் வைத்திருக்காதீர்கள். மறைத்து வைத்த பணம் ஒருநாள் தெரியவரும்போது வீட்டில் வரும் பேச்சு, பணத்தைவிட அதிகம் நோகும். உட்கார வைத்து, இது எதற்கு, எத்தனை மாதத்துக்கு, அதற்குப் பிறகு மாதம் எவ்வளவு வீட்டுக்கு வரும் என்று நோட்டில் எழுதிக் காட்டுங்கள். பாஸ்புக்கை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். குடும்பத்துக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு, கடைசியில் மதுரையை விட்டு வெளியே போக முடியாமல் 8,000 சம்பளத்தில் உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும், அவர்கள் அம்மாக்களே பின்னால் அதை நினைத்து வருத்தப்பட்டிருக்கிறார்கள். மனசு கேட்கவில்லை என்றால், பதினைந்துக்கு மேல் போகிற முகூர்த்தங்களில் பாதிக் கூலியை அம்மாவுக்குக் கொடுங்கள். தவணை கேட்டு வீட்டு வாசலில் ராத்திரி வரை உட்காருகிறார்கள் என்றால் அது வேறு விஷயம். இந்த மாதிரிச் சிறுகடன்களுக்குக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வசூலுக்கு நெருக்கக் கூடாது என்று 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. அம்மாவுக்கு அதைச் சொல்லி வையுங்கள்.

சரி, கோர்ஸ். 35,000 ரூபாய் கட்டி அவர்கள் சொல்லிக் கொடுக்கப்போவது டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), எக்செல், ஜிஎஸ்டி. நூறு சதவீதம் வேலை என்றால் எந்தக் கம்பெனியில், என்ன சம்பளத்தில், கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். பேச்சு அங்கேயே மாறும். 10,000 கட்டியதும் மீதி 25,000-க்கு உங்கள் பெயரில் ஏதாவது ஃபைனான்ஸ் கம்பெனிக் கடனில் கையெழுத்து வாங்குகிறார்களா என்றும் பாருங்கள், கோர்ஸ் பிடிக்காமல் நின்றாலும் அந்தத் தவணை நிற்காது. எல்லா இன்ஸ்டிடியூட்டும் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. உங்களுக்கு அது இப்போது தேவையில்லை, அவ்வளவுதான்.

ஏன் என்றால், வேலைக்கு ஆள் எடுக்கிற நான் சான்றிதழைப் பார்ப்பதே இல்லை. வருகிற பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்பேன், உங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை என்றால் கட்டாயம் கேட்பேன்: "வீட்டு விசேஷத்துக்கு 3 லட்சம் மொய் வந்தது. அது வருமானமா, கடனா?" முதல் வகுப்பில் தேறியவர்கள் எல்லாம் "வருமானம் சார்" என்பார்கள். உசிலம்பட்டிக்காரருக்குத் தெரியும், மொய் நோட்டில் எழுதிய ஒவ்வொரு வரியும் திருப்பிச் செய்ய வேண்டியது, அது பொறுப்பு, வரவில் வைத்து லாபமாகக் காட்ட முடியாது. அதை டேலியில் எந்தத் தலைப்பின் கீழ் போடுவாய் என்று அடுத்துக் கேட்பேன். புரிந்து சொல்கிற பிள்ளைக்கு மென்பொருளை நான் ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவேன். புரியாத பிள்ளைக்கு 35,000 ரூபாய்க் கோர்ஸும் உதவாது.

நான் சொல்வது இதுதான். கோர்ஸுக்குப் போகும் நேரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கோ, கணக்கு எழுதும் ஆபீஸுக்கோ, இல்லை கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கோ போய், முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமைகளில் வருகிறேன் என்று கேளுங்கள். கேட்கும் நாளைப் பார்த்துக் கேளுங்கள். ஜிஎஸ்டி மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் 11-ம் தேதிக்குள், வரி கட்டித் தாக்கல் செய்வது 20-ம் தேதிக்குள். 18, 19 தேதிகளில் எங்கள் ஆபீஸில் நுழைந்து வேலை கேட்டால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். மாதத்தின் முதல் வாரம் வாருங்கள், வாடிக்கையாளர்கள் மஞ்சப்பையில் பில்லைக் கட்டிக்கொண்டு வந்து கொட்டுகிற நேரம், ஒரு கை கூடக் கிடைத்தால் நல்லது என்று நாங்களே நினைத்துக்கொண்டிருப்போம். முதல் இரண்டு மாதம் பஸ் காசும் டீயும்தான் கிடைக்கும் என்று எதிர்பாருங்கள். மூன்றாவது மாதம் கூசாமல் சம்பளம் கேளுங்கள். கொடுக்காமல் வேலை மட்டும் வாங்குகிற இடம் என்றால் வேறு ஆபீஸ் பார்க்கலாம், அதற்குள் உங்களுக்கே வேலை தெரிந்திருக்கும்.

அங்கே போய் எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றில்லை. கொள்முதல் பில்களையும் 14-ம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் வரும் 2பி அறிக்கையையும் (சப்ளையர்கள் நம் பெயரில் காட்டிய பில்களின் பட்டியல்) வைத்து ஒத்துப் பார்க்கத் தெரிய வேண்டும், எந்தச் சப்ளையர் நம் பில்லைக் காட்டாமல் விட்டிருக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும், பிறகு அந்த சப்ளையருக்குப் போன் போட்டுச் சண்டை போடாமல் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம். இன்றைய பிள்ளைகள் வாட்ஸப்பில் செய்தி அனுப்பிவிட்டு நீல டிக் வருமா என்று உட்கார்ந்திருக்கிறார்கள், போனை எடுத்துப் பேச அப்படி ஒரு பயம். நாலு பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடியவருக்கு அந்தப் பயம் இருக்காது என்று நம்புகிறேன். வங்கிக் கணக்கும் புத்தகக் கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிக்கும் ரீகன்சிலியேஷன், எக்செலில் பட்டியலில் தேடி எடுக்கும் விலுக்கப்பும் தொகுத்துக் காட்டும் பிவட்டும். இவ்வளவு தெரிந்தால் போதும், நான் எடுத்துக்கொள்வேன்.

டேலி பழக லைசென்ஸ் வாங்க வேண்டாம். எஜுகேஷனல் முறையில் இலவசமாகவே திறக்கும், மாதத்தின் ஒரு சில தேதிகளில் மட்டும் பதிவு போட விடும், பழகுவதற்கு அது தாராளம். லேப்டாப் வாங்கத் தோன்றும், இஎம்ஐயில் வாங்காதீர்கள். கல்லூரி ஆய்வகத்தை நான்கு மணிக்கு மேல் பயன்படுத்தலாமா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள், அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சி வகுப்புகளையும் ஏனோதானோவென்று உட்கார்ந்துவிட்டு வராதீர்கள், காசு கட்டாமல் கிடைப்பதால் பாதிப் பேர் அதன் மதிப்பு தெரியாமல் விடுகிறார்கள். ஒரே ஒரு விஷயத்துக்குக் காசு செலவழிக்கச் சொல்வேன்: டைப்ரைட்டிங். சிரிக்காதீர்கள். உசிலம்பட்டியிலேயே படிக்கலாம், மாதக் கட்டணம் ஒரு முகூர்த்தக் கூலியை ஒட்டித்தான் வரும். நிமிடத்துக்கு 30 வார்த்தை ஜூனியர், 45 சீனியர். விரலைப் பார்த்துக்கொண்டே தட்டுகிற பிள்ளை 200 பில் பதிவு செய்ய எடுக்கும் நேரத்தில் தட்டச்சு தெரிந்த பிள்ளை வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடும். நாளைக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதினால் தட்டச்சர் பணிக்கும் அந்தச் சான்றிதழ் ஆகும்.

படிப்பு முடிந்ததும் நேரடி வேலை அமையவில்லை என்றால் வீட்டில் சும்மா இருக்காதீர்கள். நாட்ஸ் என்று சொல்லும் மத்திய அரசின் தொழிற்பழகுநர் திட்டத்தில் பதிவு செய்யுங்கள், தென்மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, பதிவு எல்லாம் இணையத்தில்தான். இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், பி.காம். பட்டதாரிக்கும் உண்டு. 2019-ல் திருத்திய விதிப்படியே மாதம் குறைந்தது 9,000 உதவித்தொகை. ஒரு வருடம் முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, ஆனால் ஒரு வருட அனுபவம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்.

வேலை வந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, வேலைக்காக யாரிடமும் டெபாசிட் கட்டாதீர்கள், ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டு நகலைக் கொடுத்தால் போதும். இரண்டாவது, அவர்கள் சொல்லும் சம்பளம் கைக்கு வருவதில்லை. ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் சிடிசி (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 20,000 என்று நினைத்துக்கொண்டு அறை பார்ப்பீர்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்தால், கம்பெனி கட்டும் பிஎஃப் 1,440, கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்கு ஒதுக்குவது 577, இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டில் கம்பெனியின் பங்கு எல்லாம் அந்த 20,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். அதைக் கழித்தால் மொத்தச் சம்பளம் 17,400 சொச்சம். அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 1,440-ம் இஎஸ்ஐ 131-ம் போகும். கைக்கு வருவது 15,800-ஐ ஒட்டித்தான். பிஎஃப் பணம் எங்கேயும் போய்விடாது, உங்கள் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் அதை வைத்து மெஸ் பில் கட்ட முடியாதே. அதனால் வேலை உறுதியானதும் தயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்: கையில் எவ்வளவு வரும், சம்பளத் தேதி எது, எந்தத் தேதிக்குள் சேர்ந்தால் அந்த மாதச் சம்பளத்தில் சேரும். மூன்றாவது கேள்வியை 2005-ல் நான் கேட்டிருந்தால் 23-ம் தேதி சேர்வதற்குப் பதில் அடுத்த மாதம் 1-ம் தேதி சேர்கிறேன் என்று சொல்லியிருப்பேன், எட்டு நாள் சாப்பாட்டுக் காசாவது மிஞ்சியிருக்கும்.

கடைசியாகப் பயோடேட்டா. எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள், ஆனால் வெறுமனே "கேட்டரிங் பகுதி நேர வேலை" என்று ஒரு வரி போட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எத்தனை மாதம், எத்தனை விசேஷம், ஒரு பந்திக்கு எத்தனை பேர், படிப்போடு சேர்த்துச் செய்தது என்று எழுதுங்கள். இன்னும் ஒன்று செய்யலாம். கான்ட்ராக்டர்கள் பில் போடுவது இலைக்கு இவ்வளவு என்றுதானே? மண்டபத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர் 640 இலை என்பார், கான்ட்ராக்டர் 710 என்பார், நீங்களே வேடிக்கை பார்த்திருப்பீர்கள். வருகிற தையில் உங்கள் கான்ட்ராக்டரிடம் அந்த இலைக் கணக்கு எழுதும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். கட்டு இத்தனை வந்தது, பந்திக்குப் பந்தி போட்டது இத்தனை, கிழிந்தது இத்தனை, மிச்சம் இத்தனை என்று நோட்டுப் போட்டு, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி வையுங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையில் கொண்டு போங்கள்.